தொள்ளாயிரத்து அறுபத்தொன்று

அந்த உயர்நிலைப் பள்ளியின் மரவேலை வகுப்பில் இருபத்துமூன்று பையன்களும் ஒரே ஒரு பெண்ணும் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர் ரம்பம். மரம் அறுப்பதால் அந்தப் பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள், எதிரே உட்கார்ந்தவன் காதில் ரத்தம் வராத குறை, அதனால்தான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான். நமக்கெதற்கு வம்பு?

வழக்கப்படி அவள் தையல் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவள். அந்த வருடம் தையல் மெஷின் எட்டு, பெண்கள் முப்பத்திரண்டு. "ஒரு வாரம் மரவேலையில உக்காரு, இடம் காலியானதும் மாத்திடறேன்" என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டால், அவள் தான் செய்த முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் அறையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று காட்டினாள். முக்காலி அசையவில்லை. "நான் மாறல சார்" என்றாள். அதற்குமேல் நிறையச் சொன்னாள். கேட்க முடியாமல் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்போது அவள் கடைசி வருடம். அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. தராசு, வெப்பமானி, அழுத்தமானி என்று அளக்கிற கருவிகளைச் செய்யவும் பழுது பார்க்கவும் கற்றுத்தரும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி புதிதாக வந்திருந்தது. அதில் சேர வேண்டும். ஆனால் தொழிற்பிரிவு மாணவர்கள் இயற்பியலையும் ஒரு பாடமாக எழுதித் தேறினால்தான் எடுப்பார்கள். எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியாகத் தேற வேண்டும். இரண்டு மாதம் தலைமையாசிரியர் பின்னாலேயே சுற்றிச் சுற்றி, அவரை அதற்கும் சம்மதிக்க வைத்தாள்.

"இந்த ஒரு வருஷம்தான் பாப்பேன்" என்றார் அவர். "நீ ஊத்திக்கிட்டேன்னு வை, இனி உங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தரையும் லேப் பக்கம் விடமாட்டேன்."

அதனால் அவள் தன் தலையை மட்டும் அடகு வைக்கவில்லை. பின்னால் வரப்போகிற பிள்ளைகளின் தலைகளையும் சேர்த்து வைத்திருந்தாள்.

அறிவியல் பிரிவுக்கு வேறு கட்டடம், வேறு வாசல், வேறு மிடுக்கு. அங்கே அவளுடைய பெரியம்மா மகள் படித்தாள். வகுப்பில் முதல் ரேங்க், அடுத்து மருத்துவம் படிக்கப் போகிறவள். இவளைவிட மூன்றே மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்கு 'அக்கா' என்று கூப்பிடாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனாலும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இயற்பியலில் ரம்பத்துக்குப் புரியாததையெல்லாம் அக்காதான் சாப்பாட்டு இடைவேளையில் சொல்லிக்கொடுத்தாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அறிவியல் பிரிவின் பரம்பரைச் சொத்து. 'பின்னாலிருந்து போடுவது' என்று அதற்குப் பெயர். ஒரு சோதனைக்கு என்ன விடை வர வேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது அல்லவா? அந்த விடையிலிருந்து பின்னால் நடந்து, அளவுகளையெல்லாம் கணக்குப் போட்டே எழுதிவிடுவது. சரியாக எழுதினால் சந்தேகம் வரும் என்பதால் இங்கே கொஞ்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். அறுபது பேருக்கு நான்கு ஸ்டாப் வாட்ச் இருக்கிற லேபில் வேறென்ன செய்வது? இயற்பியல் டீச்சருக்கும் இது தெரியும். தெரிந்தும், அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மரத்தைப் பார்ப்பார். ரம்பமோ சனிக்கிழமைகளில் தனியாக லேபுக்கு வந்து போகிறவள். அவளுக்கு ஸ்டாப் வாட்ச் தாராளமாகக் கிடைத்தது. அதனால் அந்தக் கலை அவளுக்கு வரவே இல்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது லேபின் கூரை ஒழுகி, மீட்டர் ஸ்கேல்கள் அத்தனையும் நனைந்து வாழைப்பட்டையாக வளைந்துபோயின. புதிதாக வாங்க எழுதிப் போட்டால் அடுத்த வருடம்தான் வரும். "என் பசங்க செஞ்சு தருவாங்க, எத்தனை வேணும்?" என்று மார் தட்டினார் மரவேலை சார்.

பன்னிரண்டு வேண்டியிருந்தது. அடி, அங்குலம் எல்லாம் போய் மீட்டர் வந்து அதிக நாள் ஆகாத காலம் அது. மரவேலை அறையில் இருந்த இரும்பு ஸ்கேல்கள் எல்லாம் அங்குல ஸ்கேல்கள். தொழிற்பிரிவில் மீட்டர் போட்ட ஒரே பொருள் தையல் டீச்சரின் துணி டேப். தையல் டீச்சர் வேறு யாருமில்லை, மரவேலை சாரின் மனைவிதான். காலையில் வாங்கி மாலையில் திருப்பித் தர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி டேப்பைக் கொடுத்தார்.

நல்ல வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து எடுத்து, இழைத்து, தேய்த்து வழவழப்பாக்கினார்கள். கோடு கிழிக்கிற வேலை மட்டும் ரம்பத்துக்கு. பென்சில் இல்லை, கத்தி முனை. ஒரு ஸ்கேலுக்கு ஆயிரத்தொரு கோடு. முதல் ஸ்கேலை டேப்பைப் பார்த்துக் கிழித்தாள், மற்ற பதினொன்றையும் முதல் ஸ்கேலைப் பார்த்துக் கிழித்தாள். ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவள் பேசவில்லை என்று வகுப்பே சந்தோஷப்பட்டது. கோடுகளில் மை தேய்த்துத் துடைத்தபோது, கடையில் விற்கிற ஸ்கேல் பக்கத்தில் நிற்க முடியாது, அப்படி இருந்தன. தலைமையாசிரியர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று வகுப்புகளுக்கு நடந்து காட்டிவிட்டு வந்தார். ரம்பத்துக்குத் தலைகால் புரியவில்லை.

செய்முறைத் தேர்வு நாளும் வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் பழைய தோல்பை. அவரைப் பற்றிய செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது: விடை நூற்றுக்கு ஒன்று தள்ளிப் போனால் மன்னிப்பார், அதற்குமேல் தள்ளிப் போனால் இரக்கமே பார்க்க மாட்டார், ஃபெயில்தான்.

சீட்டு எடுத்தார்கள். ரம்பத்துக்குத் தனி ஊசல் வந்தது. அவளைப் போலவே இன்னும் மூன்று பேருக்கும் அதே சோதனை. அந்த மூவரில் அக்காவும் ஒருத்தி.

தனி ஊசல் என்பது சின்னப் பிள்ளை விளையாட்டு. நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலின் நீளத்தை அளந்து, இருபது முறை ஆட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். நீளத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், பூமி பொருள்களைத் தன் பக்கம் இழுக்கிற முடுக்கத்தின் அளவு கிடைக்கும். விடை தொள்ளாயிரத்து எண்பது. அது ஊருக்கே தெரிந்த எண்.

'அப்பாடா' என்று ரம்பம் நூலைக் கட்டினாள். அளந்தாள், ஆட்டினாள், எண்ணினாள், கணக்குப் போட்டாள். தொள்ளாயிரத்து அறுபத்தொன்று வந்தது.

பெருக்கலில் தப்பு செய்திருப்போம் என்று மறுபடி போட்டாள். பெருக்கல் சரி. ஊசலை மறுபடி ஆட்டினாள். தொள்ளாயிரத்து அறுபது. மூன்றாம் முறை, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.

பக்கத்து மேசையில் அக்கா எப்போதோ முடித்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் பேனா விழுந்த மாதிரிக் குனிந்தாள்.

"என்னடி வருது?"

"அறுபத்தொண்ணு."

"லூசு. எண்பது வரணும். பின்னாடியிருந்து போடு."

"அப்படின்னா?"

அக்கா இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். கேட்ட ரம்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் இந்த மிடுக்கெல்லாம் இதற்குத்தானா? ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. அரை மணிதான் பாக்கி. அழிரப்பரை எடுத்தாள். கை ஒரு நிமிடம் தயங்கியது.

மரவேலை அறையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு மூட்டு பொருந்தவில்லை என்றால் சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளக் கூடாது. அடித்துத் தள்ளிய மூட்டை சார் கண்டுபிடித்தால், எவ்வளவு பெரிய மேசையானாலும் பிரித்துப் போட்டுவிடுவார். எது கோணல் என்று தேடித்தான் ஆக வேண்டும். மூன்று வருடம் அப்படித் தேடிப் பழகிய கை அது. இப்போது அடித்துத் தள்ளு என்றால் கேட்கவில்லை.

தேட ஆரம்பித்தாள். ஸ்டாப் வாட்சைச் சுவர்க் கடிகாரத்தோடு ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. நூல் இழுபடுகிறதா என்று பார்த்தாள். இல்லை. குண்டை அளந்தாள். அதிலும் குறையில்லை. மிச்சம் இருந்தது ஸ்கேல் மட்டும்தான். அதைச் சந்தேகப்பட அவளுக்கு மனமே வரவில்லை. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. இருந்தாலும் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்து, தன் ஸ்கேலின் மேல் வைத்தாள்.

பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல், அவளுடைய ஸ்கேலில் பதினான்கு புள்ளி ஏழில் முடிந்துவிட்டது.

அவளுடைய கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. நூற்றுக்கு இரண்டு. அவள் கிழித்த மீட்டர் மீட்டரே இல்லை, மீட்டரும் இரண்டு சென்டிமீட்டரும். பன்னிரண்டு ஸ்கேலும் அப்படித்தான். டேப்! அந்தத் துணி டேப் எப்போதோ இழுபட்டு நீண்டிருக்கிறது. தையல் டீச்சர் அதே டேப்பில்தான் ஆளையும் அளந்தார், துணியையும் அளந்தார். சட்டை கச்சிதமாகப் பொருந்தியது. மரவேலையிலும் ஜன்னலை அளந்த ஸ்கேலிலேயே கதவை அளந்தால் எல்லாம் பொருந்தும். இரண்டு பக்கமும் ஒரே தப்பு என்றால் தப்பு வெளியே தெரிவதில்லை. ஊசலுக்குத்தான் டேப்பும் தெரியாது, சாரும் தெரியாது. அது பாட்டுக்கு ஆடிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ரம்பத்துக்கு அழுகை முட்டியது, கூடவே ஒரு சிரிப்பும் வந்தது. பென்சிலை எடுத்து விடைக்குக் கீழே எழுதினாள்: 'ஸ்கேல் நூற்றுக்கு இரண்டு நீளம். திருத்தினால் 980.' அப்பாடா. பிழைத்தேன் என்று நிமிர்ந்தாள்.

நிமிர்ந்தவள் கண்ணில் அக்காவின் மேசை பட்டது. அங்கேயும் அவள் செய்த ஸ்கேல்தான் இருந்தது. மற்ற இரண்டு மேசைகளிலும் அதேதான். தப்பான ஸ்கேலை வைத்துக்கொண்டு அந்த மூன்று பேருக்கும் சுளையாக எண்பது வந்திருக்கிறது. இந்த ஒரு வரியைத் தேர்வாளர் படித்தால் போதும், மூன்று பேரும் கையும் களவுமாக மாட்டுவார்கள். அக்காவின் மருத்துவப் படிப்பு காற்றில் போய்விடும்.

வரியை விட்டால் அக்கா போவாள். வரியை எடுத்தால் ரம்பமே போவாள். பொய்யாக எண்பதை எழுதவோ கை வராது. ரம்பம் அக்காவைப் பார்த்தாள். அக்கா இன்னும் நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நகத்துக்காகவா என்று ஆத்திரமாக வந்தது. சாப்பாட்டை ஆறவிட்டு எத்தனை நாள் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. ரம்பம் அழிரப்பரை எடுத்து அந்த வரியை அழித்தாள். பென்சிலில் இருந்த தொள்ளாயிரத்து அறுபத்தொன்றின்மேல் மட்டும் பேனாவை ஓட்டினாள்.

மணி அடித்தது. மற்ற மேசைக்காரர்களை அனுப்பிவிட்டு, ஊசல்காரர்கள் நால்வரையும் நிற்கச் சொல்லித் தேர்வாளர் தாள்களைப் புரட்டினார்.

"எண்பது. எழுபத்தொம்பது புள்ளி ஆறு. எண்பது புள்ளி ரெண்டு." மூன்றுக்கும் தலையாட்டினார். நான்காவது தாளில் நின்றார். "அறுபத்தொண்ணு. யாரும்மா இது?"

"நான்தான் சார்."

"ஏன் இப்படி வந்தது?"

ரம்பம் பதில் சொல்லவில்லை. ஜன்னலோரம் நின்றிருந்த இயற்பியல் டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். இந்தப் பெண் பேசாமல் நிற்கிறதென்றால் உலகத்தில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது.

தேர்வாளர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். திறந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கத்தி பிடித்துப் பழகிய கை, பென்சிலையும் அழுத்தித்தான் பிடிக்கும். அழித்த வரி பள்ளமாக அப்படியே கிடந்தது. அவர் அதை இரண்டு முறை வாய்க்குள் படித்தார். பிறகு தோல்பையிலிருந்து இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்து மர ஸ்கேலின்மேல் வைத்துப் பார்த்தார்.

"இந்த ஸ்கேலை எங்க வாங்கினீங்க?"

"வாங்கல சார், நான் செஞ்சேன்" என்றாள் ரம்பம். "தப்பாச் செஞ்சுட்டேன். சார் மேலயும் டீச்சர் மேலயும் தப்பு இல்ல. நாந்தான் சரிபார்க்கல."

"எழுதினதை ஏன் அழிச்சே?"

ரம்பம் ஸ்கேலையே பார்த்தாள். தேர்வாளர் மெதுவாகத் திரும்பி மற்ற மூன்று தாள்களையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. இயற்பியல் டீச்சர் இந்த முறை மரத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

அப்போது அக்கா முன்னால் வந்தாள்.

"எனக்கு எண்பது வரல சார். நான் ஊசலை ஆட்டவே இல்ல. பின்னாடியிருந்து போட்டேன். எனக்காகத்தான் அவ அழிச்சிருப்பா. அவளை ஃபெயிலாக்காதீங்க."

மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, "நாங்களும்தான் சார்" என்று முனகினார்கள்.

தேர்வாளர் நாற்காலியில் சாய்ந்தார். இருபது வருடமாக ஊர் ஊராகப் போய், பள்ளிக்குப் பள்ளி எண்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த மனிதர் அவர். அந்த ஒல்லி முகத்தில் சிரிப்பு வந்ததை இயற்பியல் டீச்சர் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார், யாரும் நம்பவில்லை.

"அடுத்த பேட்ச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்" என்றார் அவர். "முக்கால் மணி நேரம் இருக்கு. மூணு பேரும் இதே ஸ்கேலை வெச்சு முதல்லேர்ந்து செய்ங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். யாருக்கு எண்பது வருதோ அவங்க ஃபெயில்."

அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக ஊசலை ஆட்டினாள். பதினான்கு வரை எண்ணிவிட்டு மறந்துபோனாள். நூல் அவிழ்ந்து குண்டு அவள் கால் விரலில் விழுந்தது. மூன்றாவது முறை ஒழுங்காக எண்ணி, வியர்த்து விறுவிறுத்துக் கணக்குப் போட்டாள். தொள்ளாயிரத்து அறுபத்துநான்கு.

"ரம்பம், அறுபத்துநாலு வந்துடுச்சுடி" என்று முதல் ரேங்க் வாங்கியதைவிடப் பெரிய சந்தோஷத்தோடு சொன்னாள். கால் விரல் வீங்கியிருந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மரவேலை அறையில் சேதி தெரிந்ததும் சாருக்கு முதலில் கோபம் வந்தது. அரை மணி நேரம் ஒரே பலகையை இழைத்து இழைத்துச் சீவலாக்கினார். பிறகு நேராகத் தையல் அறைக்குப் போனார்.

"அந்த டேப்பை என்ன பண்ணினே?"

"என்ன பண்ணினேன்? அழுக்கா இருந்துச்சு, சீருடையோட போட்டு ஊறவெச்சேன். சுருங்கிடுச்சு. நல்லா இழுத்துப் பிடிச்சு இஸ்திரி போட்டேன்."

"டேப்புக்கு யாராவது இஸ்திரி போடுவாங்களா?"

"துணி டேப்பைப் பார்த்து மரத்துல கோடு கிழிக்க யாராவது சொல்லுவாங்களா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

இருபத்துமூன்று பையன்களும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டார்கள்.

மதிப்பெண் வந்தது. ரம்பத்துக்கு முப்பதுக்கு இருபத்தாறு. தேர்வாளர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டே போயிருந்தார்: "நாலு குறைச்சிருக்கேன். செஞ்ச கருவியைச் சரிபார்க்காம வெளியே விட்டதுக்கு ரெண்டு. சரின்னு தெரிஞ்சதை அழிச்சதுக்கு ரெண்டு." அக்காவுக்குப் பதினெட்டு. அவள் வாங்கியதிலேயே குறைந்த மதிப்பெண். அடுத்து வந்த எழுத்துத் தேர்வுக்கு உயிரைக் கொடுத்துப் படித்து அதை ஈடுகட்டி, மருத்துவத்தில் சேர்ந்துவிட்டாள்.

கல்லூரியில் சேரும் கடிதம் கைக்கு வந்த அன்று, ரம்பம் கையில் ரம்பத்தோடு இயற்பியல் லேபுக்குப் போனாள்.

"எதுக்குடி இது?" என்றார் டீச்சர்.

"அந்தப் பன்னிரண்டு ஸ்கேலையும் அறுத்து அடுப்புல போடணும் டீச்சர். அதுங்க இங்க இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. அடுத்த மாசம் கடை ஸ்கேல் வந்துடும், அப்புறம் இதுங்க எதுக்கு, யாராவது தெரியாம எடுத்துட்டாங்கன்னா..."

"கொஞ்சம் மூச்சு விடு" என்றார் டீச்சர். அலமாரியைத் திறந்து காட்டினார். பன்னிரண்டு ஸ்கேலும் துடைத்து, அடுக்கி, உள்ளே இருந்தன. "கடை ஸ்கேல் பரிட்சைக்கு. இதுங்க பயிற்சிக்கு. பசங்ககிட்ட ஒண்ணும் சொல்லப் போறதில்ல. இந்த ஸ்கேலைக் கொடுத்து ஊசலை ஆட்டச் சொல்லுவேன். எண்பது கொண்டு வர்றவங்களை மறுபடி செய்யச் சொல்லுவேன். அறுபத்தொண்ணு வர்ற வரைக்கும்."

ரம்பம் கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

"அப்புறம் இன்னொண்ணு" என்றார் டீச்சர். "தலைமையாசிரியர் உங்க பக்கத்துலேர்ந்து இந்த வருஷம் ஒன்பது பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கார். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து அவங்களுக்கு ஊசல் சொல்லிக்கொடுக்க ஆள் வேணும். நல்லாப் பேசத் தெரிஞ்ச ஆளாப் பார்த்துட்டிருக்கேன்."

அவ்வளவுதான். அன்று லேப் பூட்டப்பட்டபோது மணி ஆறரை. அதுவரைக்கும் டீச்சரால் ஒரு வார்த்தை குறுக்கே போட முடியவில்லை.